காரைநகர் பாதை, குறிகட்டுவான் லோஞ்ச்: பழைய கதை தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ?

தீவான்: அப்பம்மா புங்குடுதீவு. தங்கட காலத்தில யாழ்ப்பாணம் போறதெண்டா வள்ளம்தான் எண்டு சொல்லிக்கொண்டே இருப்பா, ஆனா நான் போனமுறை போகேக்க பஸ்ஸிலயே நேரா குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் போயிட்டன். அப்ப வள்ளம் எங்க போனது? மற்றது ஊர்காவற்துறையில ஒருத்தர் "பாதையில போங்கோ" எண்டார், நான் றோட்டைத் தேடிக்கொண்டு நிண்டன் 😅

கடற்காகம்: ஹாஹா, பாதை எண்டா அங்க றோட்டில்லை, ஆக்களையும் மோட்டச்சைக்கிளையும் ஏத்திக்கொண்டு போற மிதவைதான் பாதை. ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் இடையில கடல் ஒரு கிலோமீற்றர்கூட வராது, அதில ஏறாட்டி பண்ணைக் கடல் றோட்டால யாழ்ப்பாணம் போய் பொன்னாலைப் பக்கத்தால சுத்தி வரவேணும், 40 கிலோமீற்றருக்கு மேல. போகேக்க நடுக்கடலில கோட்டை தெரியும், போர்த்துக்கேயர் கட்டினது, 1658ல ஒல்லாந்தர் பிடிச்சவை. தங்கட ஊர்ப்பேரையே தீவுகளுக்கும் வச்சவை, காரைநகர் அம்ஸ்டர்டாமாம், நயினாதீவு ஹார்லெமாம், நெடுந்தீவுக்கு மட்டும் டெல்ஃப்ட் எண்ட பேர் இண்டைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கு.
உங்கட அப்பம்மா சொன்னது சரிதான். வள்ளத்தை விழுங்கினது தாம்போதி, கடலுக்குள்ளால போட்ட றோட். பண்ணையில றோட் வந்து வேலணை கரையோட ஒட்டினது, வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில வாணர் தாம்போதி வந்தது, அதோட வள்ளம் ஏறுற இடமே தள்ளித்தள்ளி கடைசியா புங்குடுதீவின்ர மற்றக்கரையில, குறிகட்டுவான்ல போய் நிண்டிட்டுது. றோட் முடியிற இடத்திலதான் இப்ப லோஞ்ச், அதான் மோட்டர் படகு, தொடங்குது.

நெடுந்தீவுப் பெடியன்: எங்களுக்கு எந்தத் தாம்போதியும் வரேல்ல அண்ணை. நயினாதீவுக்காரர் 20 நிமிசத்தில இறங்கிடுவினம், நாங்கள் ஒரு மணித்தியாலம், சோளகக் காத்து தொடங்கினா அதுக்கும் மேல, சத்தி எடுத்துக்கொண்டு. எங்கட குமுதினிப் படகை விட்டிட்டு இந்தக் கதையை சொல்ல ஏலாது. 1985 மே 15, நெடுந்தீவு மாவலித்துறையால வெளிக்கிட்டு குறிகட்டுவானுக்கு போன குமுதினியை கடலில மறிச்சு சனத்தை வெட்டினவை, கடற்படையெண்டு தப்பின ஆக்கள் சொன்னவை. குறைஞ்சது 23 பேர், ஊரில 30க்கு மேல எண்டுதான் கணக்கு, கைக்குழந்தையும் அதுக்குள்ள. அதே குமுதினியை திருத்தி பிறகும் ஓடவிட்டவை. வேற என்னத்தில போறது, ஆஸ்பத்திரிக்கும் அதுதான் கலியாணத்துக்கும் அதுதான். அம்மா ஏறினா கீழ்த்தட்டில இருக்கமாட்டா. வடதாரகை, நெடுந்தாரகை எண்ட படகெல்லாம் பிறகு வந்தது, நெடுந்தாரகை 2017ல.

தீவான்: அந்தப் படகுதான் பிறகும் ஓடினதெண்டு எனக்கு தெரியாது தம்பி. நெடுந்தீவும் போகத்தான் நினைச்சனான், பிள்ளையள் குதிரை பாக்கவேணுமாம். ஆனி மாசம் போகலாமோ?

கடற்காகம்: ஆனியில நயினாதீவு அம்மன் திருவிழாச் சனம் வேற, சோளகமும் வேற. மாசி பங்குனியில போங்கோ, வெள்ளன யாழ்ப்பாணத்தில குறிகட்டுவான் போற 776 பஸ்ஸைப் பிடியுங்கோ, திரும்பி வாற லோஞ்ச் எத்தினை மணிக்கெண்டு இறங்கின உடன கேட்டு வையுங்கோ.