புதுப்பிப்பு: எங்கள் கொண்டோ அங்சானா மரம் வாடியதற்குக் காரணம் தெரிந்துவிட்டது

கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) வாசலில் நிற்கும் அங்சானா மரம் ஏன் திடீரென்று மஞ்சளாகி இலை கொட்டுகிறது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

உரம் போட்டோம், தண்ணீர் கூட்டினோம், பலனில்லை. "அடிமரத்தில் மரத்தூள் இருக்கிறதா பாருங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. குனிந்து பார்த்தால் பட்டையில் குண்டூசித் தலையளவு துளைகள், கீழே வெளிர்நிறப் பொடி. மரநிபுணர் வந்து கிளையைச் சீவியபோது உள்ளே பழுப்புக் கோடுகள். ஃபியூசேரியம் வாடல் நோய் என்றார். பூஞ்சை நோய்தான், ஆனால் மரத்தைத் துளைத்துப் பூஞ்சையைப் பரப்பும் அம்புரோசியா வண்டுக்கும் இதில் பங்குண்டு. நோய் இந்த அளவுக்கு முற்றிய மரத்தைக் காப்பாற்ற வழியில்லை.

நான் எதிர்பார்க்காதது, தொடக்கம் மின்னல் என்பது. மேலே பட்டை நீளமாகப் பிளந்திருந்தது. மின்னல் தாக்கி நலிந்த அங்சானாவைத்தான் இந்த வண்டு முதலில் தேடி வருமாம். ஒரு நண்பர் சொன்ன ஓக் மர ஒப்பீடு அப்படியே பொருந்துகிறது: அங்கே வறட்சி நலிவிக்கும், துளைக்கும் வண்டும் ஆர்மில்லேரியா பூஞ்சையும் பிறகு வந்து முடிக்கும்.

மரத்தை வெட்டிவிட்டோம். இருபது வருட நிழல், மனசு கேட்கவில்லை. வண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடக் கூடாதென்று கட்டைகளை அன்றே அகற்றினோம். பக்கத்தில் உள்ள இரண்டு அங்சானாக்களையும் வாராவாரம் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இதுவரை தூள் இல்லை.