விண்டோஸிலிருந்து மேக்புக்குக்கு ஐடியூன்ஸ்: ஒரு வழியில் பெயர் போகிறது, இன்னொரு வழியில் பாட்டே போகிறது

சைடு_பி

பழைய லேப்டாப் விண்டோஸ் 10, புதியது மேக்புக் ஏர், 512 ஜிபி. விண்டோஸில் பல வருடமாக ஐடியூன்ஸ்தான். மொத்தம் 140 ஜிபி பக்கம் இருக்கும். சிடியிலிருந்து எடுத்தவை, கடையில் காசு கொடுத்து வாங்கியவை, அப்பா கோவில் திருவிழாக்களில் டேப்ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்த நாதஸ்வரக் கேசட்டுகள் என்று எல்லாம் கலந்தது. கேசட்டுகளை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் வேவ் ஃபைலாக மாற்றி வைத்திருக்கிறேன்.

பாட்டுகளை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து வந்து மேக்கின் மியூசிக் செயலியில் இழுத்துப் போட்டேன். எல்லாம் ஒலிக்கிறது. ஆனால் பிளேலிஸ்ட் ஒன்றுகூட இல்லை, நட்சத்திரங்கள் இல்லை, நிறைய ஆல்பங்களின் அட்டைப்படம் இல்லை. கேசட் பாட்டுகளில் ராகம், வாசித்தவர், ஊர், வருடம் என்று உட்கார்ந்து தட்டியது அத்தனையும் காணோம். வெறும் ஃபைல் பெயர்தான் நிற்கிறது.

அதை அழித்துவிட்டு, ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு மியூசிக்கைத் திறந்து பழைய ஐடிஎல் ஃபைலை (ஐடியூன்ஸ் தன் லைப்ரரி விவரங்களை எழுதி வைக்கும் ஃபைல்) காட்டினேன். இப்போது பெயர், நட்சத்திரம், பிளேலிஸ்ட் எல்லாம் அப்படியே வந்துவிட்டன. ஆனால் பாதிப் பாட்டுக்கு முன்னால் ஆச்சரியக்குறி. தொட்டால் ஃபைலைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. அம்மா தினமும் காலையில் கேட்கும் பட்டியலில் முக்கால்வாசி இப்படித்தான் கிடக்கிறது. ஒவ்வொன்றாக லொக்கேட் கொடுத்துக்கொண்டிருந்தால் பொங்கல் வந்துவிடும். வேறு வழி உண்டா?

கணினிக் கிறுக்கன்

இரண்டாவது வழிதான் சரி. முதல் வழிக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

நட்சத்திரம், எத்தனை முறை கேட்டது, லைப்ரரியில் சேர்த்த தேதி, பிளேலிஸ்ட் எதுவும் பாட்டு ஃபைலுக்குள் இருப்பதில்லை. எல்லாம் அந்த ஐடிஎல் ஃபைலில்தான். ஐடியூன்ஸ் தானாகத் தேடி எடுத்த அட்டைப்படங்களும் ஆல்பம் ஆர்ட்வொர்க் என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். நீங்களே ஒட்டிய படங்கள்தான் ஃபைலோடு வரும். வேவ் இன்னும் மோசம். எம்பி3-யிலோ எம்4ஏ-யிலோ பெயரைத் திருத்தினால் ஐடியூன்ஸ் அதை ஃபைலுக்குள்ளேயே எழுதும். வேவுக்குள் எழுதாது, லைப்ரரியில் மட்டும் குறித்துக்கொள்ளும். நீங்கள் தட்டிய ராகமும் ஊரும் எங்கும் போகவில்லை, ஐடிஎல்லில் பத்திரமாக இருக்கின்றன.

ஆச்சரியக்குறிக்கு வருவோம். விண்டோஸில் அந்தப் பாட்டு ஒன்றை ரைட் கிளிக் செய்து எக்ஸ்ப்ளோரரில் காட்டச் சொல்லுங்கள். எந்த டிரைவ்? சி-யில் எவ்வளவு இடம் மிச்சம்?

சைடு_பி

டி டிரைவில் "பாட்டு" என்று ஒரு ஃபோல்டர், அதற்குள். ஆச்சரியக்குறி இல்லாதவை சி-யில் ஐடியூன்ஸ் மீடியாவுக்குள். சி-யில் 20 ஜிபிகூட இல்லை.

வழிப்போக்கன்

எதற்கு இவ்வளவு பாடு? ஆப்பிள் மியூசிக் சந்தா கட்டி சிங்க் லைப்ரரியை ஆன் செய்தால் எல்லாம் மேகத்துக்குப் போய் மேக்கில் இறங்கிவிடும். நான் அப்படித்தான்.

கணினிக் கிறுக்கன்

@வழிப்போக்கன் சினிமாப் பாட்டுக்குச் சரி. அது ஆப்பிளிடம் இருக்கும் பாட்டோடு பொருத்திப் பார்த்து, கிடைத்தால் அவர்கள் பிரதியைத்தான் தரும். கிடைக்காததை மட்டும் உங்களிடமிருந்து ஏற்றும். திருவிழாவில் பதிந்த நாதஸ்வர மல்லாரியை மாதச் சந்தாவை நம்பி விட எனக்கு மனம் வராது. அசல் கையில் இருக்கட்டும், அப்புறம் வேண்டுமானால் மேகம்.

@சைடு_பி நினைத்தது போலத்தான். ஐடிஎல், டி டிரைவ் பாட்டுகளின் முழு முகவரியைக் குறித்து வைத்திருக்கிறது. மேக்கில் டி என்று ஒன்று கிடையாதே, எங்கே போய்த் தேடும்? ஐடியூன்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தவற்றை மட்டும் பக்கத்தில் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டது. அதனால் மேக்கில் போராடிப் பயனில்லை, விண்டோஸிலேயே எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவர வேண்டும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் வடிவம் (ஃபார்மேட்) எக்ஸ்ஃபேட்டாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்கும், எழுதாது. விண்டோஸில் ஐடியூன்ஸை மூடிவிட்டு, சி-யில் மியூசிக்குக்குள் இருக்கும் ஐடியூன்ஸ் ஃபோல்டர் முழுவதையும், ஐடிஎல், ஆல்பம் ஆர்ட்வொர்க், ஐடியூன்ஸ் மீடியா எதையும் பிரிக்காமல், டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஐடியூன்ஸைத் திறந்தால் எந்த லைப்ரரி என்று கேட்கும். டிஸ்க்கில் இருக்கும் ஐடிஎல்லைக் காட்டுங்கள். திறந்ததும் நேராக ப்ரிஃபரன்ஸஸில் அட்வான்ஸ்டு பக்கம் போய், மீடியா ஃபோல்டர் டிஸ்க்கில் இருப்பதைக் காட்டுகிறதா என்று பாருங்கள். இன்னும் சி-யையே காட்டினால் மாற்றுங்கள். இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போனால் பாட்டெல்லாம் சி-யில் போய் இறங்கி, இடம் இல்லை என்று பாதியில் நிற்கும்.

அப்புறம் ஃபைல், லைப்ரரி, ஆர்கனைஸ் லைப்ரரி என்று போய் கன்சாலிடேட் ஃபைல்ஸை டிக் செய்யுங்கள். டி-யில் உள்ளவற்றை நகல்தான் எடுக்கும், நகர்த்தாது. டி-யில் அசல் அப்படியே இருக்கும். நேரம் பிடிக்கும், லேப்டாப் தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் டிஸ்க்கில் உள்ள ஐடியூன்ஸ் ஃபோல்டரை மேக்கின் மியூசிக் ஃபோல்டரில் போட்டு, ஆப்ஷன் கீயோடு திறந்து அந்த ஐடிஎல்லைக் காட்டினால் மியூசிக் அதைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. இது முடியும்வரை விண்டோஸில் புதிய ஆப்பிள் மியூசிக் செயலியைப் போட்டுவிடாதீர்கள். போட்டால் ஐடியூன்ஸில் பாட்காஸ்டும் ஒலிப்புத்தகமும் மட்டும்தான் மிஞ்சும்.

மோகனம்

லைப்ரரிப் பட்டியலை எக்ஸ்எம்எல் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து மேக்கில் இம்போர்ட் செய்தால் ஆகாதா? நான் முன்பு அப்படிச் செய்ததாக நினைவு.

கணினிக் கிறுக்கன்

ஐடிஎல் கெட்டுப்போனால் அதுதான் கதி. ஆனால் சேர்த்த தேதி போய்விடும், எல்லாம் இன்று சேர்த்தது போல் வரும். அதிலும் விண்டோஸ் முகவரிகளே இருக்கும், அவற்றை டெக்ஸ்ட் எடிட்டரில் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். நல்ல ஐடிஎல் கையில் இருக்கும்போது தேவையில்லை.

சைடு_பி

கன்சாலிடேட் முடிந்தது. டிஸ்க்கிலிருந்து மேக்குக்கு எடுக்கும்போது புதுச் சிக்கல். "கோவில் கச்சேரி" என்று விண்டோஸில் இரண்டு ஃபோல்டர் இருக்கிறது, இரண்டுக்குள்ளும் வேறு வேறு பாட்டு. எழுத்தில் துளி வித்தியாசம் இல்லை, பின்னால் இடைவெளியும் இல்லை. ஒரே இடத்தில் ஒரே பெயரில் எப்படி இரண்டு? மேக்கில் ஃபைல்களைக் காட்டும் ஃபைண்டர், இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, ரீப்ளேஸ் செய்யட்டுமா என்கிறது.

எழுத்துரு

ரீப்ளேஸ் கொடுத்துவிடாதீர்கள்! விண்டோஸில் ஒரே பெயர் ஃபோல்டரைப் போட்டால் உள்ளிருப்பதைச் சேர்த்துவிடும். ஃபைண்டரில் ரீப்ளேஸ் என்றால் பழைய ஃபோல்டரை மொத்தமாக எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது. விண்டோஸிலிருந்து வருபவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டு ஃபோல்டர் ஏன் என்றால், கணினி எழுத்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் யூனிகோடில் "கோ"வை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எழுதுகிறோமே, அதுபோல இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாக வைப்பது இன்னொன்று. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது உண்டு. திரையில் ஒன்றேதான், கணினிக்கு வேறு. தமிழ் கீபோர்டுகளில் பெரும்பாலும் முதல் வகைதான் வரும். பழைய மேக்குகளின் டிஸ்க் வடிவமான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும், அங்கிருந்து வந்த ஃபைலில் இரண்டாவது வகை இருக்கும். விண்டோஸ் குறியீட்டை மட்டும் பார்ப்பதால் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். இப்போதைய மேக்கின் டிஸ்க் வடிவமான ஏபிஎஃப்எஸ்ஸுக்கு இரண்டும் ஒரே பெயர்தான், அதனால் மோதுகிறது.

உங்களுக்கு யாராவது மேக்கிலிருந்து பாட்டு கொடுத்தார்களா?

சைடு_பி

ஆமாம், சித்தப்பா மகன் கொடுத்தான். அவனுடையது பழைய மேக்புக்.

எழுத்துரு

அதேதான். ஃபோல்டரை நேராகத் தொட்டால் ஐடியூன்ஸுக்குத் தெரியாமல் மறுபடி ஆச்சரியக்குறி வரும். விண்டோஸ் ஐடியூன்ஸில் டிஸ்க் லைப்ரரியைத் திறந்து, அந்த இரண்டு தொகுப்பின் பாட்டுகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, கெட் இன்ஃபோவில் கலைஞர் பெயரையும் ஆல்பம் பெயரையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டுங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் கீப் மீடியா ஃபோல்டர் ஆர்கனைஸ்டு டிக் ஆகியிருந்தால் எல்லாம் தானாக ஒரே ஃபோல்டருக்குப் போய்விடும். கொ, கோ, கௌ மாதிரி எழுத்து வரும் மற்ற பெயர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அப்புறம் மேக்கில் பாதியில் நின்ற நகலை அழித்துவிட்டு முதலிலிருந்து எடுங்கள்.

தவில்சத்தம்

கேசட் பற்றி ஒரு வார்த்தை. வேவில் சிடி தரத்தில் நிமிடத்துக்கு 10 எம்பி ஆகும், ஒரு சி-60 கேசட்டே 600 எம்பி. அதையெல்லாம் ஆப்பிள் லாஸ்லெஸ் என்ற ஃபைல் வடிவத்துக்கு ஆக்கிவிடுங்கள். ஒலியில் ஒன்றும் குறையாது, அளவு பாதிப் பக்கம் வரும், முக்கியமாகப் பெயர்கள் ஃபைலுக்குள்ளேயே உட்காரும். மியூசிக்கின் இம்போர்ட் செட்டிங்ஸில் ஆப்பிள் லாஸ்லெஸ் வைத்துவிட்டு, பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஃபைல் மெனுவில் கன்வெர்ட். லைப்ரரி மேக்கில் சரியாகத் திறந்த பிறகு செய்யுங்கள், அப்போதுதான் நீங்கள் தட்டியதெல்லாம் புது ஃபைலுக்குப் போகும்.

கேட்ட எண்ணிக்கையும் சேர்த்த தேதியும் புது நகலுக்கு வராது, பிளேலிஸ்ட்டும் பழைய வேவையே பிடித்துக்கொண்டிருக்கும். அம்மாவின் பட்டியலில் மட்டும் கையால் மாற்ற வேண்டியிருக்கும். நான் என்றால் நாதஸ்வரத்துக்கு எண்ணிக்கையா முக்கியம் என்று விட்டுவிடுவேன். வேவ்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்திருங்கள், கேசட்டுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஃப்ளாக் (தரம் குறையாத இன்னொரு ஒலி வடிவம்) ஃபைல் எதுவும் இருந்தால் மியூசிக் அதைச் சேர்க்காது, அதையும் இதேபோல் லாஸ்லெஸ் ஆக்க வேண்டும், ஆனால் எக்ஸ்எல்டி மாதிரி வேறு மென்பொருளில்.

சைடு_பி

வந்துவிட்டது! ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லை. இரட்டை ஃபோல்டர் இன்னும் சில இருந்தன, எல்லாமே ஓகாரம் வரும் பெயர்கள். லாஸ்லெஸ் மாற்றம் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவின் பட்டியல் வரிசை மாறாமல் வந்துவிட்டது.

இரண்டு மிச்சம். காசு கொடுத்து வாங்கிய பழைய பாட்டு சில, எம்4பி என்று முடிபவை, கடவுச்சொல் கேட்கின்றன. அப்புறம் மேக்கிலிருந்து கார் பென்டிரைவுக்குப் பாட்டு எடுத்தால், ஒவ்வொரு பாட்டும் காரில் இரண்டாகத் தெரிகிறது, ஒன்று ஓடவே மாட்டேன் என்கிறது.

கணினிக் கிறுக்கன்

எம்4பி என்றால் பூட்டு போட்டு விற்றவை. 2009-க்குப் பிறகு வாங்கியவற்றில் அந்தப் பூட்டு இல்லை. வாங்கிய அதே கணக்கில் அக்கவுன்ட் மெனுவில் போய் இந்தக் கணினியை ஆத்தரைஸ் செய்தால் ஓடும். ஒரு கணக்குக்கு 5 கணினிதான் அனுமதி, அதனால் பழைய லேப்டாப்பை யாருக்காவது கொடுக்கும் முன் அதில் டீஆத்தரைஸ் செய்து அனுமதியை நீக்கிவிடுங்கள்.

காரில் வருவது மேக்கின் வேலை. எக்ஸ்ஃபேட், ஃபேட்32 பென்டிரைவில் எழுதும்போது தன் சொந்தக் குறிப்புகளை, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த அதே பெயரில், சின்ன ஃபைலாகப் பக்கத்தில் போட்டுவிடும். மேக்கில் கண்ணுக்குத் தெரியாது, கார் ஸ்டீரியோ அதையும் பாட்டென்று எண்ணிக்கொள்ளும். விண்டோஸ் லேப்டாப் இருக்கிறதல்லவா, அதில் பென்டிரைவைச் செருகி, மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, அப்படித் தொடங்கும் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.