புதுப்பிப்பு: விளக்கு வந்துவிட்டது, ஆனால்…

பஸ் நிறுத்தம் எதிரே, சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோட்டருகே விளக்கு எரியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது பழைய சோடியம் விளக்கைக் கழற்றி எல்.இ.டி. மாட்டிவிட்டார்கள். கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன; கடக்கும் ஆள்தான் தெரியவில்லை! நேற்று அடர்நீலப் புடவையில் ஒரு பூக்காரம்மா பாதிச் சாலைக்கு வந்த பிறகே ஆட்டோக்காரர் பிரேக்கை மிதித்தார்.

காரணம், கம்பம் கோட்டைத் தாண்டி நிற்கிறது. கடப்பவருக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வருவதால் ஓட்டுநருக்குத் தெரிவது கருநிழல் மட்டுமே. வண்டி வரும் பக்கம், கோட்டுக்குச் சற்று முன்னால் கம்பம் இருக்க வேண்டும். அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் 2008 அறிக்கை, 1.5 மீட்டர் உயரத்தில் 20 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) செங்குத்து வெளிச்சத்தை, அதாவது தரையில் அல்லாமல் நிற்பவரின் உடல்மேல் விழும் வெளிச்சத்தை, பரிந்துரைக்கிறது. இங்கே தரையைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டார்கள்.

கம்பத்தை நகர்த்தக் கோரிப் புதிய மனு கொடுத்திருக்கிறேன்.