எட்டு போடும்போது இடது கால் இறங்கிடுது, என்ன தப்பு?

புதுவண்டி125:
எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து 25 நாள் ஆச்சு. 125 சிசி கியர் வண்டி. நேர் ரோட்டில் பிரச்னை இல்லை. எட்டில் ரெண்டாவது வளைவு வந்தா கால் கீழே போயிடுது, இல்லைன்னா வண்டி ஆஃப் ஆகுது. பேசாம லைசென்ஸ் டெஸ்ட்ல ஸ்கூட்டர்லயே எட்டு போட்டுக் காட்டிடலாமா? பழகுற கிரவுண்டுக்குத் தனியா ஓட்டிட்டுப் போகலாமா?

அரைகிளட்ச்:
வளைவில் ஆக்ஸிலேட்டரை மூடுறீங்க, அதான். வேகம் செத்ததும் வண்டி உள்பக்கம் சாயும், கால் தானா இறங்கும். முதல் கியர்ல ஆக்ஸிலேட்டரை லேசா முறுக்கி அப்படியே வச்சுக்கங்க. அதுக்கப்புறம் வலது கை அசையக் கூடாது. வண்டி இழுக்க ஆரம்பிக்கிற இடத்திலேயே கிளட்சை நிறுத்தி, பின் பிரேக்கை மெல்ல மிதிச்சபடி ஓட்டுங்க. இன்ஜின் இழுக்க, பிரேக் பிடிக்க, வண்டி ஆடாம நிக்கும். முன் பிரேக்கில் விரலே வேண்டாம். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடிச்சா வண்டி படுத்துடும்.

ரெண்டாவது வளைவில் மட்டும் சிக்கல்னா, நடுவுல கடக்கும்போது இன்னும் முன் சக்கரத்தையே பார்த்துட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். கடக்குறதுக்கு முன்னாடியே கழுத்தைத் திருப்பி அடுத்த வளைவைப் பாருங்க. ரெண்டு தண்ணி பாட்டிலை 8 மீட்டர் தள்ளி வச்சு ஆரம்பிங்க, சரளமா வந்தப்புறம் 6 மீட்டருக்குக் குறைங்க.

செயின் தொளதொளன்னு இருந்தாலும் அரை கிளட்ச்ல வண்டி வெட்டி வெட்டித்தான் போகும். அதையும் பார்த்துடுங்க.

ஆர்சிபுக்:
ஸ்கூட்டர்ல போட்டா கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் வரும். அதை வச்சு உங்க 125-ஐ ஓட்டினா லைசென்ஸ் இல்லாம ஓட்டின கணக்குதான், 5,000 ரூபாய் அபராதம்.

தனியா ஓட்டக் கூடாது. லைசென்ஸ் உள்ளவர் பின்னாடி உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கணும், அவரைத் தவிர வேற யாரையும் ஏத்தவும் கூடாது. முன்னும் பின்னும் எல் போர்டு வேணும்: 18 செ.மீ. சதுரம், வெள்ளையில் சிவப்பு எழுத்து. நம்ம ஊர்ல பாதிப் பேர் வெறும் ஸ்டிக்கர் துண்டை ஒட்டிட்டுத் திரியுறாங்க, அதைப் பார்த்துப் பழகாதீங்க.

டெஸ்ட் 30 நாள் முடிஞ்சாத்தான். எல்.எல்.ஆர். 6 மாசம் செல்லும். தோத்தா 7 நாள் கழிச்சு மறுபடி போகலாம், மூணு தடவை தோத்தா 60 நாள் காத்திருக்கணும். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூணும் கையில் இருக்கட்டும். ஹெல்மெட்டில் ஐ.எஸ். 4151 முத்திரை இருக்கான்னு பாருங்க. பின்னாடி உட்கார்றவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

மழைச்சாலை:
எட்டோட நிறுத்திடாதீங்க, பிரேக்கும் பழகணும். 40 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி யோசிச்சாலே 11 மீட்டர் போயிருக்கும். நேரா போகும்போது ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிங்க. முன் பிரேக்கை வெடுக்குன்னு இழுக்காம, எலுமிச்சம்பழம் பிழியுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். எடை முன்னாடி இறங்கினப்புறம்தான் முன் டயருக்குப் பிடிமானம் கூடும். முக்குல மணல் கிடந்தா, திரும்புறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க.

புதுவண்டி125:
செயினை அளந்தேன், 45 மி.மீ. ஆடுது.

அரைகிளட்ச்:
இந்த மாதிரி வண்டிக்குப் பொதுவா 20 முதல் 30 மி.மீ. போதும், வண்டியோட வந்த புக்லயும் ஒரு தடவை பார்த்துக்கங்க. பின் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, ரெண்டு பக்கக் குறியும் ஒரே கோட்டில் வர்ற மாதிரி சக்கரத்தைப் பின்னாடி நகர்த்திட்டு இறுக்கணும். பின்னாடி டிரம் பிரேக்னா, சக்கரம் நகர்ந்ததில் பிரேக் பெடல் ஆட்டமும் மாறியிருக்கும். அதையும் சரி பண்ணிட்டு வண்டியை எடுங்க.