சவால் வகுப்புகள்: கலங்கல் தண்ணீர், ஐஸ் கட்டி, மழைமானி

3 முதல் 5-ஆம் வகுப்பு வரை சவால் முறையில், அதாவது முடிவை மட்டும் சொல்லி வழியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விட்டு, பாடம் நடத்துபவர்கள் எழுதுங்கள். எது நடக்கிறது, எங்கே சிக்குகிறது? அளவோடு சொன்னால் மற்றவர்களுக்கு உதவும்.

நான்காம் வகுப்பு ஆசிரியை, திருவான்மியூர்

கேள்வியை அமைப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். "தண்ணீரைச் சுத்தம் செய்" என்றால் அது கைவேலை வகுப்பு. "அரை லிட்டர் கலங்கல் தண்ணீர், 20 நிமிஷம். கண்ணாடி டம்ளருக்கு அடியில் வைத்த செய்தித்தாளைப் படிக்க முடியணும்" என்றால் சவால். ஜெயித்தோமா என்று மிஸ் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பிள்ளைகளே குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

நாலு பேருக்கு ஒரு 2 லிட்டர் பாட்டில். அடியைப் பெரியவர்கள் வெட்டித் தர வேண்டும், விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள். பாட்டிலின் வாய்க்குப் பழைய வேட்டித் துணி இரண்டு மடிப்பு, ரப்பர் பேண்ட். கவிழ்த்துப் பிடித்தால் வடிகட்டி. கூழாங்கல், எம்-சாண்ட், இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கிய கரி ஆகியவற்றைத் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எது கீழே, எது மேலே என்று சொல்லிவிட்டால் சவாலே போச்சு.

கெடுவது பெரும்பாலும் தயாரிப்பில்தான். எம்-சாண்டில் கல்மாவு இருக்கும். கழுவாமல் கொடுத்தால் ஊற்றியதைவிடக் கலங்கலாக இறங்கும். வாளியில் தெளியும்வரை ஐந்தாறு தடவை அலச வேண்டும். கரியை வேர்க்கடலை அளவுக்கு உடைத்து, தூளைக் கழுவிவிடணும். தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் மணலில் குழி விழுந்து அந்த வழியாகவே ஓடிவிடும். மேலே ஒரு ஸ்பூனைச் சாய்த்து வைத்து அதில் ஊற்றினால் போதும், ஆனால் இதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். ஒவ்வொரு குழு மொள்ளும் முன்னும் வாளியைக் கலக்குங்கள், இல்லாவிட்டால் கடைசிக் குழுவுக்குத் தெளிந்த தண்ணீர் போய்விடும். களிமண் கலந்தால் மணல் அடுக்கு அதைப் பிடிக்காது, பால் மாதிரியே வரும். தோட்ட மண் போதும்.

அந்தக் களிமண் தண்ணீரை மறுநாளுக்கு எடுத்து வையுங்கள். நாட்டுமருந்துக் கடையில் தேத்தாங்கொட்டை கிடைக்கும். மண்பானையின் உட்புறத்தில் அதை இழைத்து, தண்ணீரை ஊற்றிக் கலக்கி, அசைக்காமல் விட்டால் களிமண் திரண்டு அடியில் படியும். வடிகட்டியால் ஆகாதது கொட்டையால் ஆகிறது, ஏன்? அடுத்த சவால் தானாகவே வந்துவிடும்.

தெளிந்த தண்ணீர் குடிக்கிற தண்ணீர் ஆகிவிடாது. யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

அறிவியல் ஆசிரியர், மேற்கு மாம்பலம்

எழுத்து தெரிகிறதா இல்லையா என்பதில் சண்டை வரும். ஐஸ் கட்டியை உருகாமல் காக்கும் சவாலில் அந்தத் தொல்லை இல்லை. எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி டம்ளரில் 50 மி.லி. உறைய வைத்த கட்டி. ஒரு மணி நேரம் கழித்து உருகிய தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்தால் தீர்ந்தது. உமி, மரத்தூள், பஞ்சு, செய்தித்தாள் கொடுக்கலாம். கட்டியை முதலில் பாலிதீன் பையில் போடச் சொல்லுங்கள். பஞ்சு நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் ஏறி, வெப்பத்தை உள்ளே விட்டுவிடும். நடுவில் திறந்து பார்க்கிற குழு தோற்கும், அதைத் தடுக்காதீர்கள்.

1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், மெரினாவில்தான் நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் வந்த ஐஸை அங்கே வைத்திருந்தார்கள். இதைச் சவால் முடிந்த பிறகு சொல்லுங்கள். முன்னாடியே சொன்னால் எல்லாரும் மரத்தூளுக்கே கை நீட்டுவார்கள்.

பெற்றோர், பெரம்பூர்

செயல்வழிக் கற்றலும் இதுவும் ஒன்றா?

திருவான்மியூர் ஆசிரியை

இல்லைங்க. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய அந்த முறையில் பாடங்களை வரிசையாக அடுக்கிய ஏணிப்படியும், ஒவ்வொரு படிக்கும் பயிற்சி அட்டையும் உண்டு. பிள்ளை தன் வேகத்தில் ஏறலாம், படிகள் ஏற்கெனவே போட்டவை. இங்கே முடிவை மட்டும் சொல்கிறோம், படியை அவர்களே போடணும். எழுத்தும் கணக்கும் பழக அட்டைதான் நல்லது. எல்லாவற்றையும் சவாலாக்கினால் வாய்ப்பாடு நிற்காது.

கணக்கு ஆசிரியர், அண்ணா நகர்

மழைமானிக்கு நேர்ச்சுவர் உள்ள பாட்டில் வேண்டும். மேற்பகுதியை வெட்டிப் புனலாகக் கவிழ்க்கலாம். அடிப்பாகம் குழிகுழியாக இருக்கும். சிறு கல்லும் தண்ணீரும் நிரப்பி, நேர்ச்சுவர் தொடங்கும் இடத்தைப் பூஜ்யமாகக் குறியுங்கள். காற்றில் சாயாமல் சுற்றிலும் செங்கல். மதிலிலிருந்து அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்கணும்.

பெரிய பாட்டிலில் மழை அதிகம் காட்டும் என்று பாதி வகுப்பு அடித்துச் சொல்லும். இரண்டு அளவிலும் வைத்துப் பார்க்கட்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 200 சதுர மீட்டர் மாடியில் 30 மி.மீ. பெய்தால் 6,000 லிட்டர். தெறிப்பும் ஊறலும் போக 80 சதவீதம் என்று வைத்தால் 4,800. 9,000 லிட்டர் தண்ணி லாரியில் பாதிக்கு மேல்! மொட்டை மாடிக் குழாய் எங்கே போகிறது என்று அப்புறம் அவர்களே தேடிக்கொண்டு போவார்கள்.

காலை 8.30-க்குப் படியுங்கள், வானிலை மையத்தின் கணக்கும் அதே நேரம்தான். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 40 மி.மீ., பள்ளியில் 12 என்று வந்தால் மானி தப்பு என்று கொட்டிவிடாதீர்கள், மீனம்பாக்கம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு பேட்டையில் கொட்டும், பக்கத்துப் பேட்டையில் தூறலோடு நின்றுவிடும். அக்டோபர் தொடக்கத்திலேயே மானியை வைத்துவிடுங்கள், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு குறுக்கே வந்துவிடும்.