நஞ்சில்லா அரிசி கேட்கும் நுகர்வோரும் டெல்டா விவசாய சங்கங்களும்: கண்டனம் நியாயமா?

கேள்வி (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். நஞ்சில்லா அரிசியையே வாங்குவது என்று முடிவெடுத்த குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு நுகர்வோர் குழுவில் நான் இருக்கிறேன். ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறக்க வேண்டும், யூரியா தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும், கொள்முதல் விலையை உயர்த்த வேண்டும் என்று குறுவை எனும் குறுகியகால நெல் பருவம்தோறும் கேட்கிற விவசாய சங்கங்கள், பூச்சிக்கொல்லியைக் குறைப்பது பற்றியோ, வயலில் இடைவிடாமல் தண்ணீர் தேக்குவதால் வெளியாகும் மீத்தேன் பற்றியோ ஒரு வரியும் சேர்ப்பதில்லை என்று எங்கள் குழுவினர் வருந்துகிறார்கள். நிலத்தடி மீத்தேனை எடுக்கும் திட்டத்தை இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரோடு சேர்ந்து எதிர்த்த மண் இது என்பதால் அந்த வருத்தம் கூடுதலாகவே இருக்கிறது. சங்கங்களைக் கண்டித்துத் துண்டறிக்கை வெளியிடலாம் என்று பேச்சு நடக்கிறது. அதில் நான் கையெழுத்திடும் முன், வயலில் நிற்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1 (மன்னார்குடி வட்டம், சங்கக் கிளைப் பொறுப்பாளர்)

வணக்கம் அம்மா. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலை நாங்கள் மேசையில் உட்கார்ந்து எழுதுவதில்லை. உறுப்பினர்கள் கூட்டத்தில் கொண்டுவருவதைத்தான் எழுதுகிறோம். குறுவை அறுவடை முடிவதும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடக்கின்றன. அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லை எடுக்காமல் நிறுத்திவிடுகிறார்கள். முறை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டு, தார்ப்பாயை விலக்கும்போது உள்ளிருந்து ஆவி அடித்து, அடி நெல் வெள்ளை வேர் விட்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் பார்த்த ஒருவர், அந்த வாரத்தில் மீத்தேனைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

2025-26-இல் சன்னரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் கிடைத்தது. மருந்தடிக்காமல் விளைந்த நெல்லுக்கும் கொள்முதல் நிலையத்தில் அதே விலைதான். பாரம்பரிய ரகமான மாப்பிள்ளைச் சம்பா உயரமாக வளர்ந்து ஐப்பசி, கார்த்திகை மழையில் சாயும் பயிர்; மகசூலோ இன்றைய ரகங்களைவிட வெகுவாகக் குறைவு. அந்த இழப்பை யார் ஏற்பது என்று துண்டறிக்கையில் எழுதுவீர்களா?

பதில் 2 (திருத்துறைப்பூண்டி, இயற்கை விவசாயி)

சங்கத் தோழர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், முழுவதையும் அல்ல. எங்கள் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கியவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தந்தார். பாரம்பரிய நெல் அப்படித்தான் பரவியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், பாரம்பரிய நெல்லுக்குத் தனி விலை வைத்துக் கொள்முதல் செய் என்பதை முதன்மைக் கோரிக்கையாகச் சங்கங்கள் தூக்கிப் பிடிக்காதது எனக்குப் பெரிய வருத்தம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விமர்சகர்கள் வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடைக்கு வந்து பார்க்க வேண்டும். வேளாண் துறை பரிந்துரைக்கும் 'நீர் மறைய நீர் கட்டுதல்' முறையில், அதாவது தேங்கிய நீர் வற்றிய பிறகே மீண்டும் பாய்ச்சினால், மீத்தேனும் குறையும், தண்ணீரும் மிச்சமாகும், பயிரும் நன்றாகத் தூர் கட்டும். ஆனால் அடுத்த முறை வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத விவசாயி, வந்த தண்ணீரை மடையை அடைத்துத் தேக்கித்தான் வைப்பார். முறை வைத்துத் தண்ணீர் விடும் தேதியை முன்கூட்டி அறிவித்து அதை மாற்றாமல் கடைப்பிடித்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். நுகர்வோர் குழுக்களும் சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது.

இன்னொன்று: வாடிக்கையாளர்கள் கருப்பு அரிசியான கருப்புக் கவுனியைத் தேடி வருகிறார்கள், அன்றாடச் சோற்றுக்கான கிச்சிலிச் சம்பா மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது.

பதில் 3 (கீழ்வேளூர், விவசாயத் தொழிலாளர் சங்கம்)

இதுவரை பேசியவர்கள் யாரும் கூலியைத் தொடவில்லை. மருந்துத் தெளிப்பானை முதுகில் சுமந்து, முகத்தில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு அடிப்பவர் பெரும்பாலும் நிலமில்லாத தொழிலாளி. ஆகவே நஞ்சைக் குறைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் களைக்கொல்லியை நிறுத்தினால் கைக்களை கூடும். அந்த வேலையைச் செய்யப்போகிற பெண்களுக்கு என்ன கூலி என்பதை நஞ்சில்லா அரிசி விற்கும் அங்காடியின் விலைப் பலகையும் சொல்வதில்லை, நிலம் உள்ளவர்களின் சங்கங்களும் சொல்வதில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் நடுவே 1968 டிசம்பர் 25-இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி எங்கள் பகுதியில்தான் இருக்கிறது. இந்த வட்டாரத்து நெல்லுக்கு அறம் பேச வருபவர்கள் கூலியிலிருந்து தொடங்குவதே முறை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. துண்டறிக்கையில் நான் கையெழுத்திடப் போவதில்லை. அதற்குப் பதிலாக, சம்பா விதைப்புக்கு முன்பே விலை பேசி, பயிர் சாய்ந்தாலும் பேசிய தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்துவிடும் ஒப்பந்தத்தைக் குழுவில் முன்வைக்கிறேன். களையெடுக்கும் கூலியும் அந்த விலைக்குள் தனியாகக் காட்டப்பட வேண்டும் என்று கேட்பேன்.

பதில் 1

நல்லது அம்மா. கூட்டத்துக்குக் கிளையிலிருந்து வருகிறோம். கூலி பற்றிப் பேசத் தொழிலாளர் சங்கத்தாரும் வரட்டும். நெல்லாகவே எடுத்துக்கொள்வீர்களா, அரிசியாக்கித் தர வேண்டுமா என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். சிறிய அளவில் தனியாக அரைத்துத் தரும் ஆலை பக்கத்தில் இல்லை. அந்தச் செலவையும் விலை பேசும்போதே சேர்த்தாக வேண்டும்.