பொன்னுக்கு வீங்கியில் விரை வீங்கினால் விந்துப் பரிசோதனை எப்போது செய்வது?

அல்சூர்க்காரன்:
பெங்களூரு மாரத்தஹள்ளியில் பிஜி விடுதியில் தங்கியிருக்கும் தம்பிக்கு 29 வயது. பொன்னுக்கு வீங்கி வந்து ஆறாம் நாள் வலது விரை வீங்கிவிட்டது, காய்ச்சல் 103. ஸ்கேன் எடுத்து, வைரஸால் வந்த அழற்சிதான் என்று யூராலஜி டாக்டர் சொல்லிவிட்டார். தை மாதம் கல்யாணம். குழந்தை பிறக்காதோ என்று வீட்டில் ஒரே அழுகை. இப்போதே டெஸ்ட் எடுத்துவிடலாமா?

வார்டு 7:
முதலில் அம்மாவைத் தேற்றுங்கள். வயசுக்கு வந்த ஆண்களுக்கு இந்த நோய் வந்தால் 100க்கு 15 முதல் 30 பேருக்கு விரை வீங்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான். விரையைப் போர்த்தியிருக்கும் வெள்ளை உறை கெட்டியானது, விரிந்து கொடுக்காது. உள்ளே வீங்க வீங்க அழுத்தம் ஏறி, விந்தணு உருவாகும் நுண்குழல்கள் நசுங்கும். அதனால்தான் வீங்கிய விரைகளில் ஏறக்குறைய பாதி பின்னால் ஓரளவு சுருங்குகின்றன. மறு விரை நல்லபடியாக இருந்தால் குழந்தை பெற அதுவே போதும். முழு மலட்டுத்தன்மை அரிது. இரண்டு பக்கமும் வீங்கியவர்களுக்குத்தான் அந்தக் கவலை கூடுதல்.

இப்போதைக்கு ஓய்வு, விரைப்பையைத் தாங்கும் உள்ளாடை, துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால். ஆன்டிபயாடிக் வைரஸிடம் எடுபடாது. கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவதும் விரையைக் காக்காது. அறைத் தோழர்கள் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அரசு போடும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கு மருந்து இல்லை.

மற்றவர்களுக்கும் ஒன்று: திடீரென ஒரு விரையில் கடும் வலியும் வாந்தியும் வந்தால் அது விரை முறுக்காக (விரை திருகிக்கொண்டு ரத்த ஓட்டம் தடைபடுவது) இருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆண்ட்ராலஜி லேப்:
இப்போது எடுக்கவே எடுக்காதீர்கள். விரைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு உற்பத்தி சரியாக நடக்கும். டெங்குவோ ஃப்ளூவோ, கடும் காய்ச்சல் அடித்தாலே எண்ணிக்கை சரியும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாள். ஆகவே காய்ச்சல் விட்டு 3 மாதம் கழித்து எடுப்பதுதான் கணக்கு. அதற்கு முன் வரும் ரிப்போர்ட் வீட்டில் பீதியைத்தான் கிளப்பும்.

மாதிரி கொடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். எண்ணெய், எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. முதல் துளிகளில்தான் விந்தணு அதிகம். அவை சிந்திவிட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். லேபிலேயே கொடுப்பது நல்லது. ஒயிட்ஃபீல்டில் எடுத்து ஜெயநகருக்குக் கொண்டுவந்தால் சில்க் போர்டு சிக்னலிலேயே ஒரு மணி நேரம் போய்விடும், அசைவு குறைந்தே தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை: விந்தின் அளவு 1.4 மிலி, ஒரு மிலியில் 1.6 கோடி விந்தணுக்கள், அவற்றில் அசைபவை 42 சதவீதம். இதற்குக் கீழே வந்தாலும் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அல்சூர்க்காரன்:
நன்றி. விந்தணு பூஜ்யம் என்றே வந்துவிட்டால்?

ஆண்ட்ராலஜி லேப்:
சில வாரம் விட்டு இன்னொரு முறை. அதிலும் இல்லையென்றால் எஃப்.எஸ்.எச்., எல்.எச். (விரையைத் தூண்டும் மூளை ஹார்மோன்கள்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். மைக்ரோஸ்கோப் வைத்து விரையிலிருந்தே விந்தணு எடுக்கும் ஆபரேஷனும் உண்டு. கொஞ்சமாவது கிடைத்தால் உறைய வைத்துக்கொள்ளலாம். ஜிம்மில் யாராவது 'சக்திக்கு' என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் தம்பி மறுத்துவிட வேண்டும். வெளியிலிருந்து ஹார்மோன் ஏறினால் மூளை விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். மிச்சமிருக்கும் உற்பத்தியும் நின்றுபோகும்.